கெட்டி ரப்பர்

சுதந்திரம் கிடைத்த வருஷம் சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம், நர்ஸ் கோகிலா பழைய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். வேகமாக எடுத்தால் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும், கியர் நழுவும். காஜா பேராங் என்ற பேட்டையில் கார் பட்டறை வைத்திருந்த ஹாஜா குனிந்து பார்த்தார்.

"இன்ஜினைத் தாங்குற ரப்பர் செத்துப்போச்சு மிஸ்ஸி. புதுசா மெத்துன்னு போடவா, கெட்டியாப் போடவா?"

"கெட்டியே போடுங்க பாய். மிதிச்சா உடனே போகணும்."

"போகும். ஆனா நிக்கிறப்போ வண்டியே உதறும்."

"நான் எங்க நிக்கிறேன்?" என்றாள் கோகிலா. நாளெல்லாம் பிரசவ வீடுகளுக்கு ஓடுகிறவள் அவள்.

மூன்றாம் நாள் காலை, வலி கண்ட ரஹீமாவை அதே காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனாள். சந்தை முனையில் மாட்டு வண்டிகள் வழியை அடைத்து நின்றன. கார் நின்றதும் கதவும் சீட்டும் கடகடவென்று நடுங்கின. ரஹீமா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

கோகிலா இன்ஜினை அணைத்தாள். வழி கிடைக்கும்வரை அவள் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தன.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மதியமே கோகிலா பட்டறைக்கு வந்தாள்.

"மெத்து ரப்பரே போட்டுடுங்க பாய்."

"மிதிச்ச உடனே பாயாது மிஸ்ஸி."

"பரவாயில்ல. பக்கத்து சீட்டுல யார் உக்காருவாங்கன்னு நான் யோசிக்கல."

நாளை சாயங்காலம் ஆகும் என்றார் ஹாஜா. அதுவரை காத்திருக்க முடியாமல், அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு அடுத்த பிரசவ வீட்டுக்குக் கிளம்பினாள்.