கேடயக்காரி

…எவன் கூட்டிக்கொண்டு போவான் இவளை, வேண்டாமென்றால் வேண்டாம்தான், காலையிலேயே மகளிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று, இப்போது பார்த்தால் பாலத்தின் மேல் பாறை விழுந்து கிடக்கிறது, கேடயக்காரியால்தான் தூக்க முடியும், முகாமுக்குப் போய் அவளை அழைத்து வா என்று திரையில் எழுத்து ஓடுகிறது, எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறைந்தும் போகிறது, என்ன அவசரமோ… வெல்டர் ஆபரேஷன் செய்த முட்டியைத் தலையணை மேல் ஏற்றிவைத்துக்கொண்டு மகள் வீட்டு சோபாவில் சாய்ந்திருந்தார். வெல்டிங் பட்டறையை விட்டு வருஷம் பல ஆகியும் அந்தப் பெயர்தான். முட்டி ஆறுகிற வரை வெளியே போகக்கூடாது, சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மகள் டிவி விளையாட்டை ஆட்டுகிற, பித்தான் வைத்த இந்தப் பிடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், அவள் வேலை பார்க்கிற கம்பெனி செய்கிற விளையாட்டு, இன்னும் கடைக்கு வரவில்லை, ஆபீஸில் எல்லாரும் பூசி மெழுகுகிறார்கள் அப்பா, நீங்கள்தான் உள்ளதைச் சொல்வீர்கள் என்றாள். உள்ளதைச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் இவரைவிட்டால் யார் இருக்கிறார்கள், அதனால்தானே ஒட்டும் இல்லை உறவும் இல்லை…

விளையாட்டு ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. நாம்தான் வீரன், ராட்சசர்களை வெட்டிக்கொண்டே போக வேண்டும், துணைக்கு ஐந்து பெண்கள், முகாமில் நெருப்பைச் சுற்றிக் காத்திருப்பார்கள், இரண்டு பேரைக் கூட்டிப் போகலாம், மற்றவர்கள் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வில்லுக்காரி ஒருத்தி, புல்லின் மேல் நடந்தால் புல் மடங்காது. வெள்ளை முடி வைத்தியக்காரி, தொட்டால் காயம் ஆறும். காது அறுந்த திருடி, வாய் மூடவே மூடாது. கரிநிறத்தில் கொம்பு வைத்த நெருப்புக்காரி, சிரிக்கும்போது நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று இருக்கும், ஒருமுறை கூட்டிப்போனதோடு சரி. கடைசியில் இந்தக் கேடயக்காரி, ஐம்பதைத் தாண்டிய உடம்பு, பீரோ அகலத்துக்குத் தோள், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. முன்னெல்லாம் இந்த மாதிரி விளையாட்டுல பொண்ணுன்னா ஒரே அச்சுப்பா, இடுப்பு இத்தனூண்டு, முடி நிறம் மட்டும் வேற வேற, இதுல அஞ்சு பேரும் அஞ்சு விதம், என்று மகள் கண் விரியச் சொன்னாள். அஞ்சு விரலும் ஒண்ணா இருக்காதுதான், அதுக்காகக் கட்டைவிரலைக் கட்டிக்கிட்டா அழறது, என்று இவர் கேட்டார். அவள் சிரிக்கத்தான் செய்தாள். சிரித்தாளா?

காலையில் செருப்பு மாட்டுகிற இடத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, நாலு பேர் போதும், ஒருத்திய எடுத்துடலாம்ங்கறாங்க. இன்னைக்கு மத்தியானம் மீட்டிங்ல முடிவு. விளையாடிப் பார்த்தவங்க சொல்றத அப்படியே எழுதிக் குடுக்கணும். உங்களுக்கு யாரு வேண்டாம்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தக் கேடயக்காரி."

"ஏம்ப்பா?"

"மூஞ்சியப் பாரு, நாம என்னவோ அவ வீட்டுல திருடிட்டு வந்த மாதிரி பாக்கறா. எரும மாதிரி உடம்பு. எவன் செஞ்சான் இத?"

"ஆபீஸ்லதான் செஞ்சாங்க." கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "சரிப்பா. உள்ளதச் சொன்னீங்களே, அது போதும். முட்டை உரிச்சு வச்சிருக்கேன், சாப்பிடுங்க."

சாப்பிட்டார். வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவை எப்போதும்போலத் தட்டோரத்தில் ஒதுக்கிவைத்திருந்தார், அது டீப்பாயின் மேல் காய்ந்துகொண்டிருந்தது… சரி, அழைத்துத்தான் தொலைப்போம். முகாமுக்குப் போய்க் கேடயக்காரி முன்னால் நின்று பித்தானை அமுக்கினார். அவள் எழுந்தாள். எழுகிறாளா, கிளம்பாத லாரி கிளம்புகிறதா, முதலில் ஒரு முனகல், பிறகு கை முட்டியில், பிறகு உடம்பு… நடையைப் பார், இடது தோள் இறங்கிக் கிடக்கிறது, ஒரு பக்கமாகவே பாரம் சுமந்த கழுதை மாதிரி. முகாமில் தன் குடிசைக் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், நாலடி நடந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள், சரியான சந்தேகப் பிராணி, என்று வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்த வாய் முழுதாக மூடுவதற்குள் கண் வாசல் கதவுக்குப் போயிற்று, மகள் போன பிறகு தாழ்ப்பாளைப் போட்டோமா, போட்டோம், நொண்டிக்கொண்டே போய் இழுத்தும் பார்த்தோம், இரண்டு தடவை… அதனால் என்ன, உலகத்தில் எல்லாரும்தான் இழுத்துப் பார்க்கிறார்கள்.

பாறையைத் தூக்கினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பனி. திரையில் பொழுது சாய்ந்ததும் அவளே நெருப்பு மூட்ட உட்கார்ந்தாள், உட்காருவதற்கு முன் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தாள், கல்லோடு கல்லை உரசினாள், பொறி பறக்கிற அந்த நொடிக்கு முன்னால், பறந்த பிறகு அல்ல, முன்னால், இடது கையால் கேடயத்தை முகத்துக்கு நேரே தூக்கித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்… வெல்டரின் கட்டைவிரல் பிடியில் நின்றுவிட்டது. அந்தத் தூக்கு. வெல்டிங் ராடை இரும்பில் தொடுவதற்கு ஒரு மூச்சு முன்னால் கறுப்புக் கண்ணாடித் தடுப்பு முகத்துக்கு வருமே, யாரும் சொல்லித் தருவதில்லை, கண் இரண்டு தடவை வெந்த பிறகு கை தானாகப் படித்துக்கொள்வது, அதை இந்தப் பெண்பிள்ளை எங்கே படித்தாள்? கேடயம் இறங்கியது. முழங்கைக்குக் கீழே சட்டையைச் சுருட்டியிருந்தாள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, அரிசியை வாரி இறைத்த மாதிரி. தீப்பொறி விழுந்த தழும்பு. அவர் தன் கையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. எவன் செஞ்சான் இத… மகள் ஷூ கயிற்றை ஏன் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள் என்று இப்போது தெரிகிறதா மடையா? சின்ன வயசில் பட்டறை மூலையில் பள்ளிக்கூடப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவள் அம்மா போன பிறகு வேறு எங்கே விடுவது, இங்க பாக்காத கண்ணு போயிடும் என்று கத்திக்கொண்டே இருந்தாரே, பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்ததை எடுத்துப் பெண்ணாக வார்த்து நெருப்போரம் உட்காரவைத்திருக்கிறாள். இவர் அதை எருமை என்றார்.

பரவாயில்லை, உடம்புதானே, தோள் பெரிசு, மூஞ்சி கோணல், அதற்கெல்லாம் வெட்கப்படுகிற வயசா, கண்ணாடி பார்க்காத ஆளா… என்று தேற்றிக்கொள்கிறபோதுதான் கேடயக்காரி சுட்ட கறியைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி பெரிசு, ஒரு பாதி எலும்பு. பெரிசை நீட்டினாள். "எனக்கு இது ஆகாது. வயித்துல உப்பிக்கும். நீ தின்னு," என்றாள்.

அடிப்பாவி.

டிபன் டப்பாவில் ஒரே முட்டைதான் இருக்கும். வெள்ளையைத் தான் தின்று மஞ்சளை மகளுக்குத் தள்ளுவார், எனக்கு மஞ்சக் கரு ஆகாது பாப்பா, வாய்வு, என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார், என்ன நடிப்பு, அவருக்கு அதுதான் உயிர், சொன்ன பொய்யைக் காப்பாற்றவே இத்தனை வருஷமாக, டப்பாவில் நாலு முட்டை வந்த காலத்திலும், இன்று காலையிலும் ஒதுக்குகிறார். ஊரில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்று இருந்தார். தெரிந்துகொண்டேவா தின்றாள் அந்தச் சின்னப்பெண், ஒவ்வொரு நாளும், முகத்தில் ஒன்றும் காட்டாமல்? அம்மணமாகத் தெருவில் நின்றாலும் இவ்வளவு கூசியிருக்காது. அசிங்கமானவன் என்று வரைந்திருந்தால் சண்டை போடலாம், இவ்வளவு ஆசையாக வரைந்தவளிடம் என்ன செய்வது, எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது…

போனை எடுத்தார். மத்தியானம் என்றாளே, ஆரம்பித்திருப்பார்களோ? கேடயக்காரியை எடுக்காதே என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் என்னை எடுக்காதே என்றல்லவா ஆகிறது? தனக்காக எதையும் எவனிடமும் கேட்டதில்லை… மணி அடித்தது, எடுத்துவிட்டாள்.

"என்னப்பா? மீட்டிங்குக்குள்ள போய்ட்டிருக்கேன். முட்டி வலிக்குதா?"

"இல்ல… காலையில சொன்னேன்ல…"

"அத எழுதிட்டேன்ப்பா."

நான் அவளைக் கூட்டிப்போகாமலே சொன்னேன், ஒருநாள்கூட அவளோடு நடக்காமலே சொன்னேன், என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"சாப்பிட்டியா?"

"இனிமேதான். நீங்க?"

"எனக்குப் பசியில்ல, நீ சாப்பிடு," என்றார். "சரிப்பா," என்றாள், காலையில் சொன்ன அதே சரிப்பா, வைத்துவிட்டாள்.

திரையில் கேடயக்காரி இன்னும் நீட்டிக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு பித்தான், வாங்கிக்கொள் என்று ஒன்று, நீயே சாப்பிடு என்று ஒன்று. இரண்டாவதை அமுக்கினார். "ஆகாதுன்னு சொன்னேனே," என்று மறுபடி நீட்டினாள். மறுபடி அமுக்கினார். மறுபடி நீட்டினாள். எத்தனை முறை அமுக்கினாலும் அதே கை, அதே முறைப்பு, அந்தப் பாதிக் கறியை அவள் வாயில் போட வழியே வைக்கவில்லை மகள், வைக்கத் தெரியாமலா, இல்லை… இத்தனை வருஷம் இப்படி அமுக்கி அமுக்கி ஓய்ந்தவள் மகள்தானோ? பிடியைக் கீழே வைத்தார். தட்டில் மஞ்சள் கரு வெளிறிப்போய், ஓரம் வெடித்து. எடுத்து வாயில் போட்டார், தொண்டையில் மாவாக அடைத்தது, தண்ணீர் குடித்து விழுங்கினார். தட்டில் மஞ்சள் துகள் மட்டும் ஒட்டியிருந்தது. கழுவ எழுந்தார், கையை முட்டியில் ஊன்றி, ஒரு முனகல்… அப்படியே நின்று, கழுவி வைத்துவிட்டால் குப்பையில் போட்டதாக நினைத்துக்கொள்வாளே என்று, தட்டை மகள் வந்ததும் கண்ணில் படுகிற இடத்துக்கு நகர்த்தினார், பிறகு கொஞ்சம் பின்னால் தள்ளினார், பிறகு மறுபடியும் முன்னால்.