ஒரு முழம்

"யக்கா, மாமரம் பெருசுல்லா, செத்த நேரம் ஆகும். முடிச்சிட்டு முருங்கையில காஞ்ச கொப்பைக் கழிக்கேன், சரியா?"

போனில் மலைச்சாமி. தங்கச்சியைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த பிரிஸ்கில்லா போனைக் காதோடு அழுத்தினாள். மரம் வெட்டும் அவனிடம் காலையில் அவள் சொன்னது இதுதான்: "சுவரோரத்து மரத்தை ஒரு முழம் விட்டு அறுத்துரு. இன்னொண்ணுல காஞ்ச கொப்பை மட்டும் கழி." சுவரோரத்தில் நிற்பதோ இரண்டு மரம். முழம் விட்டு அறுப்பது முருங்கையைத்தான் என்று எவனுக்கும் தெரியும் என நினைத்து, மரத்தின் பேரைச் சொல்லாமல் விட்டிருந்தாள். பெரிய புத்திசாலி!

"ஏலே, மாவைத் தொடாதே! முருங்கைலே, முருங்கை!"

அந்தப் பக்கம் மெஷின் வாள் இரைந்தது, லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். அந்த இரைச்சலில் சட்டைப்பைக்குள் போன் அலறினால் யார் காதில் விழும்?

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பஸ்ஸானால் கல்யாண ஊர்வலம் போகிறது.

அது ஏதோ ஒரு மாமரம் இல்லை. அவள் புருஷன் பொன்னுராஜ், சேத்தூரில் அவர் அம்மா வீட்டு மரத்திலிருந்து குச்சி கொண்டுவந்து, நாட்டு மாங்கன்றில் தன் கையாலேயே ஒட்டுக் கட்டியது. சேத்தூர் மரம் ரோட்டை அகலப்படுத்தியபோது போயிற்று. போன வருஷம் பொன்னுராஜும் போனார். அந்த ருசிக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு மரம்தான்.

"ஒட்டுக்கு மேல எங்க வெட்டுனாலும் நம்ம மரம் துளுத்துரும். கீழ வெட்டுனா நாட்டு மாங்காதான் வரும்" என்பார்.

ஒட்டு இருந்தது முழங்கால் உயரத்தில். அவள் உட்கார்ந்தபடியே கெண்டைக்காலோடு கையைச் சேர்த்துவைத்து அளந்தாள். பாதத்தில் முழங்கையை ஊன்றினால் விரல் நுனி முழங்காலைத் தொடவில்லை. இன்னொரு தடவை அளந்தாள். தொடவில்லை. யேசுவே, அவனுக்குக் கை நீளமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வீட்டுக் கேட்டைத் தள்ளியதும் முருங்கை கண்ணில் பட்டது. ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது. மாமரம் தரையில் கிடந்தது. சாய்ந்த அடிமரத்தில், வெட்டுவாய்க்கு இரண்டு விரல் மேலே, ஒட்டின் புடைப்பு வளையமாகத் தெரிந்தது.

"மா இலை வாருகால்ல தண்ணி போகாம அடைக்குன்னு நீங்கதானக்கா போன வாரம் சலிச்சுக்கிட்டீக" என்றான் மலைச்சாமி, அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய். "விடுங்கக்கா. வேரு இருக்குல்லா, துளுத்துரும்."

"துளுக்கும்லே. அது வேற மரம்."

சொன்னவள் கிளைகளுக்குள் விழுந்தாள். மொட்டு திரண்ட நுனியாகத் தேடித் தேடி ஒடித்தாள். முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி அதில் சுற்றினாள். கன்னமெல்லாம் பால் பட்டு எரிந்தது, உறைக்கவில்லை. அவர் ஒட்டுக் கட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று நூலைப் பிடித்திருக்கிறாள். ஒருநாளும் கத்தியைப் பிடித்ததில்லை.

"மம்சாபுரம் பாதையில ஒட்டுக் கட்டுற நர்சரி இருக்குல்லா? வண்டிய எடு."

"மணி ஆயிட்டேக்கா, பூட்டியிருப்பாவ."

"எடுலே!"

பைக்கின் பின்னால் ஏறி, ஈர மூட்டையை மாரோடு அணைத்துக்கொண்டாள். போகிற வழியெல்லாம் முந்தானையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். குச்சிகள் வாடத் தொடங்கியிருந்தன.