படுதா வயல்

1912ஆம் வருஷம் தை மாதம், சீவலப்பேரி சாலையோரம் கட்டியிருந்த படுதாவில் வரைந்த நெல் பால் பிடித்தது. குருவிகளுக்குத்தான் முதலில் தெரிந்தது, ஊருக்குப் பிறகுதான். படுதாவைக் கட்டியது கார்த்திகையில், ஒரே ஒரு நாளுக்காக. டில்லி முடிசூட்டு விழாவை ஒட்டி ஜில்லாவின் பெரிய துரை அந்த வழியாக வருவதாக இருந்தது. மழை பொய்த்து, கால்வாயின் கடைமடையில் பிசானப் பருவத்து நெற்பயிர் கருகிக்கொண்டிருந்தது. அதைத் துரை பார்த்தால் தமக்கு ராவ் பகதூர் பட்டம் கிடைக்காது என்று பண்ணையார் சங்கரசுப்பிரமணிய பிள்ளை சரியாகவே கணித்தார். எனவே வரவேற்புக் கமிட்டி கூடி, நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதும் பாளையங்கோட்டை தேவசிகாமணியை வரவழைத்து, சாலை நெடுகப் பச்சைப்பசேலென்று வயல் எழுதச் சொன்னது.

அதைப் பார்க்கத் திசையன்விளையிலிருந்தும் உடன்குடியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சித்திரமாக ஒருவரும் பார்க்கவில்லை. "ஏலே, நாத்த இம்புட்டு நெருக்கியா நடுவாவ?" என்றார் ஒருவர். "களை ஒண்ணுகூட இல்லயே வே, அதான் இடிக்குது" என்றார் இன்னொருவர். மிஷன் பள்ளி ஆசிரியர் வேதநாயகம், தூரத்துப் பயிர் சின்னதாகத் தெரிவதுதான் கலையின் நுட்பம் என்று விளக்கினார். "நுட்பமில்ல சார்வாள், அங்கன உரம் போடல" என்று தீர்ப்பாயிற்று.

படுதாவுக்கு நேர் பின்னால் கோமுவின் வயல். நிலம் பண்ணையாருடையது, விளைச்சலில் அவருக்குப் பங்கு அளந்து, அவள் வாரத்துக்குப் பயிரிட்டவள். புருஷன் பேதியில் போனபின் அந்த வயலும் ஒரு பெண்பிள்ளையும்தான் மிச்சம். இந்தப் பூ விளைச்சல் தவறினால் நிலம் வேறொருவனுக்கு, அவளுக்குத் தேயிலைத் தோட்டக் கூலியாகக் கொழும்புக் கப்பல். ஒரு முறைத் தண்ணீர் வந்தால் பயிர் தப்பும். துரை வந்த அன்று கருகிய பயிரில் ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு போய் சாரட்டின் முன்னால் நீட்டி, "தண்ணி விடச் சொல்லுங்க சாமி" என்றாள். அது இந்தப் பக்கத்து வரவேற்பு முறை என்று பிள்ளை இங்கிலீஷில் சொன்னார். துரை அதை வாங்கி முகர்ந்து பார்த்துக் கோட்டில் செருகிக்கொண்டார். பிறகு படுதாவை ரசித்து, இந்த வயல் வாடக்கூடாது, கடைமடைத் தண்ணீர் முழுவதும் இதற்கே என்று உத்தரவிட்டுப் போனார். உத்தரவு விழுந்த படுதாவை அவிழ்க்கக் கமிட்டிக்குத் தைரியம் இல்லை.

மடைக்காரன் பூதத்தான் தண்ணீரைத் திருப்பினான். துணி குடித்தது. பின்னால் சொட்டுக்கூடக் கசியவில்லை.

"அண்ணாச்சி, அது துணி," என்றாள் கோமு.

"துணிதான் தாயி. நான் இல்லங்கலயே."

"என் வயலு இங்கன நாலு எட்டுல கெடக்கு."

"கெடக்கட்டும். உத்தரவு பச்சையா இருக்கதுக்குல்லா போட்டிருக்கு? உன் வயலு பச்சையா இருந்தா நான் ஏன் விடாம இருக்கேன்?"

அவள் பயிர் வைக்கோலுக்கும் உதவாமல் போயிற்று. படுதா மாசியில் விளைந்தது. அறுத்த இடமெல்லாம் வெள்ளைத் துணி தெரிந்தது. பிள்ளை மேல்வாரம் எடுத்துக்கொண்டு, குருவி விரட்டியதற்காகக் கோமுவுக்கும் கொஞ்சம் அளந்தார். பொங்கியபோது உலைநீர் பச்சையாகிச் சாயம் மணத்தது. மகளுக்கு நாக்கு பச்சையாயிற்று. பசி அப்படியே இருந்தது. பங்குனியில் தாயும் மகளும் தூத்துக்குடிக்கு நடந்தார்கள்.

அடுத்த பிசானத்துக்கு ஊரில் யாரும் விதைநெல் தேடவில்லை. கோமுவின் வயலிலும் தேவசிகாமணி மூங்கில் நட்டுப் படுதா கட்டினார். ஆள் இல்லாத வயல் பார்க்க நன்றாயில்லை என்று ராவ் பகதூர் சங்கரசுப்பிரமணிய பிள்ளை சொன்னதால், குனிந்து களை பறிக்கிற ஒரு பெண்ணையும் எழுதினார். அவள் தினம் ஒரு வரிசை பறித்து முன்னேறினாள். வாரத்தில் பங்கு கேட்காததால், அவளைப் பற்றி ஊரில் எந்தக் குறையும் இல்லை.