நனையாத பெட்டி

அடுப்புச் சூட்டை அளந்து, மலையில் கொசு வளருமா என்று நீங்கள் கணித்ததுண்டா? நான் கணித்தேன்.

வெப்பத்தையும் ஈரத்தையும் பதிவுசெய்கிற சின்னப் பெட்டி ஒன்றைச் சேலத்துக்கு மேலே மலையிலுள்ள கிளியூரில் அமலி அக்காவின் காப்பித் தோட்டத்து மரத்தில் கட்டியிருந்தேன். டெங்குக் கொசுவுக்கு அந்த இடம் தோதா என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கணக்குச் சரியாக வந்தால்தான் நான் தூத்துக்குடிக்கு, என் வீட்டுக்குப் போக முடியும். பெட்டியோ கொட்டுகிற மழை ராத்திரியிலும் சேலத்து வெயிலைக் காட்டியது.

"யக்கா, பெட்டிய யாரும் எடுத்தாகளா?"

"நாந்தானுங்க. நனையுதேன்னு பொழுதுசாய ஊட்டுக்குள்ள கொண்டாந்து அடுப்பு மேல தொங்க உட்டுருவேன். விடிஞ்சதும் மறுக்கா கட்டிருவனுங்க."

"நனையட்டும்க்கா! கொசு இருக்குற எடத்துலதான அதுவும் இருக்கணும்!"

"ஏனுங்க, நொம்பத்தான் கத்தறீங்க. ஊருல பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தானுங்களா?"

எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். இனி பெட்டியை மரத்திலிருந்து எடுக்கவே கூடாது என்று கும்பிட்டுக் கேட்டேன். சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் பெட்டி மரத்திலேயே இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டியிருந்தார்.