பங்களாவின் பின்படி

அந்தத் தவக்காலம் முழுவதும் சந்தனமேரிக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். இந்த வீட்டை யாரும் வாங்கிவிடக் கூடாது. பெற்ற மகள் விற்க நினைக்கிற வீட்டை எவனும் வாங்கக் கூடாது என்று முட்டி போட்டு ஜெபிப்பது எந்த ஊர் நியாயம்? நியாயமில்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, தனியாக நின்று அதையே கேட்டுவிட்டு வந்தாள்.

வீடென்றால் சும்மா வீடில்லை. சின்னக்கானலுக்கு மேலே நெட்டிமலை எஸ்டேட்டின் பெரிய பங்களா. வெள்ளைக்காரத் துரை கட்டியது. அவனுக்குப் பிறகு கம்பெனி மேனேஜர்மார் இருந்தார்கள், அவர்களையும் துரை என்றே கூப்பிட்டார்கள். கம்பெனி நொடித்துப் பங்களாவை மட்டும் விற்றபோது யாரோ ஒரு பில்டர் அதை வாங்கி, நாலு போர்ஷனாகப் பிரித்து, ஹெரிட்டேஜ் அப்பார்ட்மென்ட் என்று போர்டு மாட்டினான். அதில் மாடிப் போர்ஷன்தான் இந்த வீடு, நாலில் ராஜா. தேக்குத் தரை, ஆள் நுழையும்படியான கணப்படுப்பு, சிங்கக்கால் வைத்த குளியல் தொட்டி. முன்னறையில் சுவரையே எடுத்துவிட்டு வைத்த மாதிரி ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் நின்றால் ஆறு அகலமாகி அணைத் தண்ணீரில் கலக்கிற வாய் அப்படியே கீழே தெரியும். கொச்சிக்காரர்கள் நடத்தும் ஒரு கிளப்பின் பாய்ப்படகுகள் அங்கே காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து போகும்.

துரைமார் காலத்தில் அந்த ஜன்னலைத் துடைக்க வேறு ஆள் இருந்தது. சந்தனமேரிக்குக் கொடுத்தது பாத்ரூம் வேலை. மாமியார் செய்த வேலை, கல்யாணமாகி வந்ததும் இவள் கைக்கு வந்தது. பாத்ரூமுக்கு வெளிப்பக்கமாக ஒரு சுருள் படி உண்டு, இரும்பில். அதில்தான் ஏற வேண்டும், அதில்தான் இறங்க வேண்டும். துரையின் பூட்ஸ் சத்தமோ துரைசானியின் செருப்புச் சத்தமோ முன்மாடிப் படியில் கேட்டால், அது மேலே வந்து சேருவதற்குள் இவள் வெளியே போயிருக்க வேண்டும். கண்ணில் பட்டால் அவ்வளவுதான், கங்காணி வந்து வாய்க்கு வந்தபடி பேசுவான். ஒரு ஆயுள் காலம் அங்கே வேலை பார்த்தாள், முன்னறை ஜன்னலிலிருந்து தண்ணீரைப் பார்த்ததில்லை.

மகள் டின்சிக்கு இது தெரியும். நர்ஸ் படித்து அயர்லாந்து போனாள். அம்மாவுக்கு வேலை முடிந்து, எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டிய வருஷம், விற்பனைக்கு வந்த மாடிப் போர்ஷனை வாங்கிப் போட்டாள். "எம்மா, இனிமே நீங்க முன்வாசல் வழியாத்தான் ஏறணும். ஜன்னல்கிட்ட சேர் போட்டு உக்காரணும்" என்று போனில் அழுதாள். லயம் முழுக்க அதையே பேசியது. சந்தனமேரியின் புருஷன் பவுல்ராஜ் அந்த ஜன்னலடியில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் செத்தார். கொடுத்து வைத்த மனுஷன்.

இப்போது டின்சிக்கும் மருமகன் ரிஞ்சுவுக்கும் அயர்லாந்திலேயே ஒரு வீடு வேண்டும். அதற்கு இதை விற்க வேண்டும். அம்மாவுக்கு அங்கே போக விசா கிடைக்கவில்லை. குமுளிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லத்தில் பேசி வைத்திருந்தார்கள்.

"நான் இந்த வீட்டுலயே இருந்துக்கிடுறேன் தாயி. எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று சந்தனமேரி சொல்லிப் பார்த்தாள்.

மகளும் கல்நெஞ்சுக்காரி இல்லை. "சரிம்மா, ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள விக்கலைன்னா விட்டுருவேன். நீங்க அங்கயே இருங்க" என்று வாக்குக் கொடுத்தாள். வந்தவர்களெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லிப் போனார்கள். ஒருவருக்கு யானைப் பயம். ஒருவருக்கு ஆஸ்பத்திரி தூரம். குருத்தோலை ஞாயிறும் முடிந்து, ஈஸ்டருக்கு ஒரு வாரம்கூட இல்லை. மிச்சமிருந்தது பாலக்காட்டிலிருந்து வருகிற ஒரே ஒரு பார்ட்டி.

அந்தக் காலையில் புரோக்கர் ஜோஜோ முன்னதாகவே வந்தான். லயத்துப் பையன்தான், இவள் மடியில் மூத்திரம் பெய்து வளர்ந்தவன். இப்போது கையில் ரெண்டு போன்.

"சித்தி, கோவிச்சுக்கிடாதீங்க. இவங்க பெரிய யாவாரக் குடும்பம். துரை இருந்த பங்களான்னு ஆசப்பட்டு வர்றாங்க. லயத்து ஆளுங்க குடியிருந்தாங்கன்னு தெரிஞ்சா மனசு மாறிரும். அதனால ஓனர் வெளிநாட்டுல, நீங்க வீட்டப் பாத்துக்கிற ஆளுன்னு சொல்லியிருக்கேன். சும்மா ஒரு மணி நேரம்."

சந்தனமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் ஸ்டூல் போட்டு ஏறி, முன்னறைச் சுவரிலிருந்த பவுல்ராஜ் போட்டோவைக் கழற்றியபோதுதான் விளங்கியது.

"ஏலே, அத ஏண்டா எடுக்க?"

"அடுக்களையில வச்சிருக்கேன் சித்தி. டின்சிட்ட கேட்டுட்டுத்தான் செய்யிறேன்."

அவள் நம்பவில்லை. போன் போட்டாள். மகள் நைட் டியூட்டியில் இருந்தாள் போல, குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ஒரு மணி நேரந்தானம்மா. நீங்க புதுசா எதுவும் நடிக்க வேணாம். எப்பவும் போல இருங்க, போதும்."

எப்பவும் போல! எந்த எப்பவும்? இந்த வீட்டின் அம்மாவாக இருந்த எப்பவுமா, அதற்கு முன்னால் கக்கூஸ் வாளியோடு ஏறிய எப்பவுமா? ஜோஜோ அவர்களைக் கூட்டிவரச் சின்னக்கானலுக்கு ஜீப்பில் இறங்கியதும், அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பெட்டியைத் திறந்து, டின்சி அனுப்பியிருந்த ஈஸ்டர் சேலையை எடுத்துக் கட்டினாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினாள். ஜன்னலடியில் பவுல்ராஜ் உட்கார்ந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். வரட்டும். 'இது என் வீடு. நான் லயத்துக்காரி. இங்கேதான் என் புருஷன் உசிர் போச்சு. இஷ்டமிருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது. ஜோஜோ சொன்னது நிஜமானால் அவர்கள் அப்படியே திரும்பிப் போவார்கள். மகள் கோபித்துக்கொள்வாள். நாலு நாள் பேசமாட்டாள், அப்புறம் பேசுவாள். வீடு நிற்கும்.

சொல்ல வேண்டியதை ரெண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கீழே தண்ணீரில் ஒரு பாய்ப்படகு கரைக்கும் கரைக்கும் நடுவே போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ஜீப் வந்தது. கதவு சாத்துகிற சத்தம். ஜோஜோவின் இளிப்பு. பிறகு முன்மாடிப் படியில், தேக்குப் பலகையில், ஒரு பெண்ணின் குதிகால் செருப்புச் சத்தம் டக் டக்கென்று ஏறி வந்தது.

பாழாய்ப்போன கால்! அவள் கால் அவளைக் கேட்கவேயில்லை. முன்னறையைக் கடந்தது எப்போது, பாத்ரூம் கதவைத் திறந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. நினைவு வந்தபோது இரும்புச் சுருள்படியின் பாதியில் ஈஸ்டர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். வலது கையில் விளக்குமாறு வேறு. அதை எப்போது எடுத்தாள்?

ஒரு நிமிஷம் அங்கேயே நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கெட்டுப்போகவில்லை, மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஏறினாள். ஆனால் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தாள்? பாத்ரூம் கதவு வழியாக. கையில் விளக்குமாற்றோடு.

எதிரே நின்ற அம்மா நல்ல சிரித்த முகம். பேர் ரஜீனா. புருஷன் சைனுதீன் குளியல் தொட்டியின் சிங்கக்காலைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வீட்டப் பாத்துக்கிறவங்களாங்க?" என்றாள் ரஜீனா.

சொல்லு, சந்தனமேரி, சொல்லு. ஜோஜோ அவர்களுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தான்.

"ஆமாங்கம்மா."

சைனுதீன் வெளிக்கதவை எட்டிப் பார்த்தார். "இதென்னங்க, இப்படி ஒரு படி?"

"ஃபயர் எக்சிட் சார்" என்றான் ஜோஜோ.

"இல்லைங்கய்யா. பாத்ரூம் வேலைக்காரங்க ஏறுற படி. முன்படியில வரக்கூடாதுன்னு துரைமாரு வச்சது" என்றாள் சந்தனமேரி. அதுவாவது வாயில் வந்ததே என்றிருந்தது.

"அப்ப யாருங்க இதுல ஏறுனது?"

"நாந்தான்."

ரஜீனாவின் முகம் வாடிவிட்டது. "யா அல்லா, இத்தன வருசமாவா? பாவம்" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியும் அது பொய்க்குத்தான் முட்டுக் கொடுத்தது. இனி வீடு என்னுடையது என்றால் யார் நம்புவார்கள்?

வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். ஜன்னலில் நின்று அவர்கள் தண்ணீரைப் பார்த்து வாயடைத்துப்போனபோது, இவள் ரெண்டடி பின்னால் நின்றாள். கடைசியில் ரஜீனா மட்டும் அடுக்களைக்குள் வந்தாள். அரிசி டின்னின் மேல் பவுல்ராஜ் போட்டோ சாய்ந்திருந்தது. காய்ந்த மாலையோடு.

"இது யாருங்க?"

"என் வீட்டுக்காரருங்கம்மா. தவறிட்டாரு."

"அடடா." ரஜீனா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் படத்த இங்க வச்சுக்க விட்டிருக்காங்களே. அந்த ஓனர் பொண்ணு நல்ல மனசுக்காரங்கதான் போல."

நெஞ்சில் ஏறி மிதித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ரஜீனாவின் பேரில் துளி குற்றமில்லை, அதுதான் கொடுமை. அந்தக் குரலில் இருந்தது முழுக்க முழுக்க அன்பு.

"ஆமாங்கம்மா, நல்லவங்க" என்றாள் சந்தனமேரி.

கிளம்பும்போது ரஜீனா ஜோஜோவிடம் சொன்னது மாடி முழுக்கக் கேட்டது. "எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க. யாரு வீடா இருந்தா என்னங்க, பெத்த புள்ளையாட்டம் வச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு, இந்த அம்மாவும் இங்கயே இருக்கணும். நாங்க லீவுக்குத்தான் வருவோம். கீழ அந்தப் படிக்கு அடியில ஒரு ரூம் இருக்குதுல்ல, அதச் சரி பண்ணிக் குடுத்தர்றோம்." பிறகு இவள் பக்கம் திரும்பி, "இருப்பீங்களாங்க?" என்றாள்.

யாரு வீடா இருந்தா என்ன! அப்படியானால் லயத்துக்காரி வீடு என்று தெரிந்தாலும் இவள் வாங்கியிருப்பாளா? போட்டோ சுவரிலேயே இருந்திருக்கலாமா? "இருப்பாங்க, இருப்பாங்க" என்று ஜோஜோ முந்திக்கொண்டு, அவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினான். அட்வான்ஸ் பேச்சு ஜீப்பிலேயே முடிந்துவிடும் என்றும், மகளிடம் அவனே சொல்லிக்கொள்வதாகவும் சைகை காட்டினான். முன்கதவுச் சாவியையும் கையோடு கொண்டுபோனான்.

சந்தனமேரி அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். மகள். இதைக் கேட்டதும் டின்சி கொதித்துப் போவாள். என் அம்மாவை எந்த ரூமில் படுக்கச் சொல்கிறாய் என்று ஜோஜோவைக் கிழித்துவிடுவாள். அந்தப் படியில் அம்மா இனி ஏறக்கூடாது என்றுதானே இந்த வீட்டையே வாங்கினாள்? வேண்டாம், யாருக்கும் விற்கவில்லை என்பாள். சொல்லாமல் எங்கே போவாள், பெற்ற பிள்ளையல்லவா?

போன் அடித்தது.

"எம்மா, ஜோஜோ எல்லாம் சொன்னான்." டின்சி அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்பது சந்தனமேரிக்கு உடனே பிடிபடவில்லை. "நான் எவ்வளவு பயந்துட்டு இருந்தேன் தெரியுமா? உங்கள அந்த ஹோம்ல கொண்டுபோய் விடணுமேன்னு ராத்திரி தூக்கமே இல்லம்மா. இப்ப பாருங்க. வீடும் போகுது, நீங்களும் அங்கயே இருக்கீங்க. அந்த வீட்டுலயே இருக்கணும்னுதான கேட்டீங்க? ஆண்டவர் உங்க ஜெபத்தக் கேட்டுட்டாரும்மா!"

கேட்டுவிட்டார். ஒரு எழுத்து தப்பாமல் கேட்டுவிட்டார். இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றாள், கொடுத்துவிட்டார். எந்தக் கதவு வழியாக என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

"அந்த ரூம்ல ஹீட்டர் வைக்கச் சொல்றேன். ரஜீனா மேடம் ரொம்ப நல்லவங்களாம். நீங்க அவங்ககிட்ட எதுவும் சொல்லிறாதீங்க, சரியா? ரிஜிஸ்ட்ரேஷன் முடியட்டும்." டின்சி மூக்கை உறிஞ்சினாள். "எம்மா? என்ன பேச மாட்டேங்கிறீங்க?"

சந்தனமேரி வாயைத் திறந்தாள். உள்ளே எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்தக் கால் எப்படித் தானாகப் போனதோ, அப்படியேதான் நாக்கும் போனது.

"சரிங்கம்மா" என்றாள்.

மகள் அதைக் கவனிக்கவில்லை. பிரேக் முடிந்துவிட்டது, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சந்தனமேரி எழுந்தாள். ஈஸ்டர் சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய கைத்தறியைக் கட்டிக்கொண்டாள். பவுல்ராஜைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, பாத்ரூம் கதவைத் திறந்து சுருள்படியில் இறங்கினாள். படிக்கு அடியிலிருந்த அந்த ரூமில் ஜன்னல் கிடையாது. மழைக்கு முன்னால் கூரை ஒழுகுமா என்று பார்க்க வேண்டும், கூட்டவும் வேண்டும்.