சாணளவு திறந்த கதவு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு துருவித் துருவிக் கேட்கக் கூடாது. ஒரு திறப்பின் வழியாக வெளியே வரும் ஒலி, அந்தத் திறப்பிலேயே பிறந்ததுபோல் வளைந்து பரவும் என்று எங்கோ படித்தேன். படித்தால் மற்றவர்களுக்கு அறிவு வளரும். எனக்குச் சந்தேகம் வளர்ந்தது. அப்படியானால் வெளியே நிற்பவருக்கு, உள்ளே யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

உடனே ஓர் ஆரம்பம் எழுதினேன்: 'மழை ஓங்கிப் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள்…'

(அடித்துவிட்டேன். மழை ஓங்கிப் பெய்தால் உள்ளே பேசுவது எப்படிக் கேட்கும்?)

2

ஒலிப்பதிவுக் கூடங்களில் அவளைக் கதவுக்காரம்மா என்பார்கள். சத்தம் கசியாத கதவு போடுவது அவள் தொழில். அன்று அவள் போனது கணவன் வேலை பார்க்கும் கூடத்துக்கு. அவன் அங்கே ஒலிப்பதிவாளன். படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கும் அவள் தங்கைக்கும் அங்கேதான் வேலை. பதிவறைக் கதவின் ரப்பர் பட்டை தேய்ந்துபோயிருந்தது, மாற்ற வேண்டும்.

கதவு சாணளவு திறந்திருந்தது. அவள் பக்கவாட்டில், சுவரோரமாகப் பையை இறக்கினாள். உள்ளே தங்கையின் குரல் கேட்டது.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடலாமா?"

"வேணாம். இப்ப வேணாம். அவ தாங்கமாட்டா."

இரண்டு குரலும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஒட்டி நிற்கிறார்கள் என்று நினைத்தாள்.

3

இங்கே எனக்கு அவள்மேலேயே சந்தேகம். கதவு போடும் ஒவ்வொரு இடத்திலும் அவள் ஒரு வித்தை காட்டுவாள். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, வாடிக்கையாளரை வெளியே கண்ணை மூடி நிற்கச் சொல்லி, உள்ளே பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று விரல் நீட்டச் சொல்வாள். எல்லோரும் கதவிடுக்கைத்தான் காட்டுவார்கள். "அவரு சன்னல்கிட்ட நிக்கறாரு சார், நீங்க இங்க காட்டுறீங்க," என்று சிரிப்பாள். இப்படிப்பட்டவளா ஏமாறுவாள்? அவளைத் தையற்காரியாக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மாற்றவில்லை. தொழில் அறிவெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதவுக்குத்தான். மேலும், சிறிது நேரத்தில் அவளுக்கே அது நினைவு வந்துவிட்டது. 'ஒருத்தர் அந்த மூலை, ஒருத்தர் இந்த மூலையா இருக்கலாமே' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் தேறவில்லை. எந்த மூலையிலிருந்து சொன்னால் என்ன, சொன்னது சொன்னதுதானே.

4

(ஓர் இடைச்செருகல். கணவன், தங்கை இருவர் குரலும் என் வாய் வழியாகத்தான் உங்களுக்கு வருகிறது. அதனால் நாங்கள் மூவரும் கூட்டு என்று நினைப்பீர்கள். தாராளமாக நினையுங்கள். நானும் உங்களை நம்பவில்லை; இதற்குள் மனதில் தீர்ப்பு எழுதி முடித்திருப்பீர்கள்.)

இரண்டு முடிவுகள் தயார் செய்தேன். முதலாவது: அவளுக்கு ஏதோ பெரிய நோய், அதைத்தான் மறைக்கிறார்கள். படித்துப் பார்த்தால், மாட்டிக்கொண்ட கணவன் அவசரத்தில் அவிழ்த்துவிடும் கதைபோல் இருந்தது. இரண்டாவது, நீங்கள் நினைப்பதுதான். அதை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. 'தங்கையின் கையை அவன்…' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

5

"நீ என்ன நினைக்கற? மனசுல இருக்கறத இப்பவே சொல்லிடு," என்றான் கணவன்.

கனத்த குரல். அது கதவைச் சுற்றி நன்றாக வளைந்து சுவரோரம் வரைக்கும் வந்தது. தங்கை கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பில் அடிக்குரல் கிடையாது. அது அவ்வளவாக வளையாது, நேரே போகத்தான் பார்க்கும். எதிர்ச்சுவரில் பட்டாவது திரும்புமா என்றால், அந்த நடைவழி முழுக்கச் சத்தத்தை விழுங்கும் பஞ்சு ஒட்டியதே இவள்தான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மூச்சுக்காற்றுபோல் ஏதோ வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பதில் வேண்டுமென்றால் இடுக்குக்கு நேர் எதிரே போய் நிற்க வேண்டும். நின்றால் அவர்கள் பார்த்துவிடுவார்கள். தன் புருஷனும் கூடப்பிறந்தவளும் பேசுவதைத் திருடிபோல் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஓரடி எடுத்து வைத்தாள்.

கணவனின் முதுகு தெரிந்தது. தங்கையின் முகம் தெரிந்தது. இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எழுதப்போனேன். அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. தங்கை பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாள்.

"அக்கா… எவ்வளவு நேரமா நிக்கற?"

'இப்பதான் வந்தேன்' என்றால் மூவரும் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள். அதன்பிறகு அவள் ஒவ்வொரு நாளும் அவர்கள் இருவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'எல்லாத்தையும் கேட்டுட்டேன்' என்றால், அது பொய்தான், ஆனால் அவர்கள் மிச்சத்தையும் சொல்லிவிடுவார்கள். அதை அவள் தாங்குவாளா என்று எனக்குத் தெரியாது.

கணவன் திரும்புகிறான். இவ்வளவு நேரமும் அவளோடு நின்று ஒட்டுக்கேட்டவர் நீங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கள்.