எல்லா அணிக்கும் ஒரு நகல்

கார் பந்தய விதிகளை மாற்றினால் போட்டி நெருக்கமாகும் என்று சொல்கிறவர்களைப் பிடித்து ஒரு நாள் சித்தப்பாவின் பட்டறையில் உட்கார வைக்க வேண்டும். பழைய விதியில் வருஷக்கணக்காக முட்டி மோதி, எப்போதும் ஜெயிக்கிற அந்தப் பெரிய அணியின் பின்சக்கரம் கண்ணில் படும் தூரத்துக்குச் சித்தப்பாவின் ஆறு பேர் அணி அப்போதுதான் வந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகப் புது விதிகள் வந்து விழுந்தன. சின்ன அணிகளும் ஜெயிக்கட்டும் என்கிற நல்லெண்ணமாம். நூறு பேர் உள்ள அணியும் ஆறு பேர் உள்ள அணியும் ஒரே நாளில் புதுக் காரைச் செய்யத் தொடங்க வேண்டுமாம்.

சித்தப்பாவின் அணிக்குக் காரை வரைகிறவள் அவருடைய அண்ணன் மகள். தான் வரைந்த கார் முதலாவதாக வருவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. புது விதிகளை எழுத்தெண்ணிப் படித்தாள். காரின் அடித்தட்டு ஓரம் நேராக இருக்க வேண்டும் என்றிருந்தது. நிற்கும்போதா, ஓடும்போதா என்று இல்லை. வேகத்தில் மட்டும் லேசாக வளைந்து கொடுக்கும் ஓரம் ஒன்றைச் செய்தாள். அது வளைந்தால் அடியில் காற்று கசியாது, கார் திருப்பங்களில் தரையை விடாது. சோதனை ஓட்டம் முடிந்து இறங்கிய டிரைவர், "அக்கா, இது கார் இல்ல, பல்லி" என்றான்.

சித்தப்பா மட்டும் விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினார். போன வருஷம் காரின் பின்னிறக்கை ஒரு விரல்கடை உயர்ந்துபோய்த் தகுதி நீக்கம் ஆன சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"விதி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"வாயே திறக்காதீங்க சித்தப்பா. முதல் பந்தயத்துல ஓட்டிக் காட்டுவோம். அப்புறம் அவங்க கேக்கட்டும்."

"சரிம்மா, சரி."

அந்தச் 'சரி'யை அவள் நம்பியிருக்கக் கூடாது. அடுத்த வாரம் சித்தப்பா பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"அனுமதின்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க! இனி நம்மள யாரும் அசைக்க முடியாது."

போனை வாங்கிப் பார்த்தாள். கேள்வியும் பதிலும் இருந்தன. கீழே, எல்லா அணிக்கும் ஒரு நகல் என்றிருந்தது. அந்த அலுவலகத்தின் வழக்கமே அதுதான், ஒருவர் கேட்டால் பதில் அத்தனை பேருக்கும் போகும். போட்டி நியாயமாக நடக்க வேண்டுமல்லவா!

"படத்தையுமா அனுப்பினீங்க?"

"தெளிவா கேக்கணும்ல."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். இவர் அவள் தலையிலும் சேர்த்துப் போட்டிருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

முதல் பந்தயத்தில் எல்லாக் கார்களிலும் வளைகிற ஓரம் இருந்தது. பெரிய அணியின் ஓரம் அவளுடையதைவிட நன்றாகவே வளைந்தது. நூறு பேர் இழைத்தால் வளையாதா என்ன? அவர்கள் கார் ஒரு முழுச் சுற்று முந்திப் போய், சித்தப்பாவின் காரைப் பின்னாலிருந்து வந்து தாண்டியது. பழைய விதியில் கடைசி வருஷம் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை.

பந்தயம் முடிந்ததும் பெரிய அணியின் மேலாளர் வந்து சித்தப்பாவிடம் கை குலுக்கினார்.

"நல்ல கேள்வி சார். எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. யாரோட யோசனை?"

கிண்டல் புரியாமலோ, புரிந்தும் பெருமை தாங்காமலோ, சித்தப்பா அவளைக் காட்டினார். "எங்க அண்ணன் பொண்ணு."

"எங்ககிட்ட வர்றீங்களாம்மா?"

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சித்தப்பாவும் அதைக் கேட்கத்தான் சிரித்த முகத்தோடு நின்றிருந்தார்.

"எப்போ சேரணும்?" என்று கேட்டாள்.